செவுள் சுட்ட நாள்

என் அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் போனதற்குக் காரணம் சொத்துமில்லை, சீருமில்லை. வாசலின். ஆமாம், உதடு வெடித்தால் தடவிக்கொள்கிற, மருந்துக் கடையில் டப்பாவில் விற்கிற அதே வாசலின்தான். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

காரைக்கால் கடைத்தெருவில் அப்போது எனக்கு ஒரு ரேடியோ ரிப்பேர் கடை இருந்தது. பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிக்கொண்டு போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பிறந்தது மண்டபத்தூரில், அலைச் சத்தம் கேட்கிற வீட்டில். அப்பா, சித்தப்பா, மாமன் எல்லாரும் கட்டுமரம் ஏறிப் பிழைத்தவர்கள். நான் ஏறினால் கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். "இது கடலுக்கு ஆவாது" என்று அப்பா என்னைத் தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார். அப்படித்தான் நான் ரேடியோக்காரன் ஆனேன். மீனவன் மகன் வாந்திக்குப் பயந்து வால்வு ரேடியோ பழுது பார்க்கிறான் என்று ஊரில் கொஞ்ச நாள் கேலி நடந்தது. அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

அக்கா எனக்கு ஏழெட்டு வயது மூத்தவள். அவளை உள்ளூரிலேயே ஏலம் கூறுகிறவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. ஏலம் கூறுவது என்றால் லேசுப்பட்ட வேலை என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் கட்டுமரங்கள் கரைக்கு வந்ததும் மீனைக் கூறு கூறாக மணலில் கொட்டுவார்கள். திருமலைராயன்பட்டினத்து வியாபாரிகள், காரைக்கால் மார்க்கெட்காரர்கள், கூடைக்காரிகள் எல்லாரும் சுற்றி நின்று ஆளாளுக்குக் கத்துவார்கள். மீனைப் பிடித்தவனோ அங்கே நிற்க மாட்டான். அவன் இன்னும் அலைவாய்க்கரையில் மரத்தைப் பிரித்துக்கொண்டு, வலையை உதறிக்கொண்டு கிடப்பான். எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. "மூணு தரம்" என்று ஏலக்காரர் சொல்வது அலைவாய்க்கரையில் நிற்கிற மீன்காரன் காதில் விழ வேண்டும். "என் காதுல விழல" என்று அவன் கையைத் தூக்கிவிட்டால் ஏலம் செல்லாது, திரும்ப முதலிலிருந்து கூற வேண்டும். தன் மீன் என்ன விலைக்குப் போனது என்பதை அவனே காதால் கேட்க வேண்டுமாம். நியாயம்தானே.

மச்சானின் குரல் அதற்கென்றே செய்துவைத்த குரல். காற்று எதிர்த்து அடித்தாலும் போய்ச் சேரும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. புதுச்சேரிக்குக் கொண்டுபோய் அறுத்தெடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் தங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் காதை வாயருகே கொண்டுபோக வேண்டும். அக்கா என் எதிரில் அழவில்லை. திருநள்ளாற்றுக்கு எள் தீபம், மாரியம்மனுக்கு மாவிளக்கு, தர்காவுக்குச் சர்க்கரை என்று ஒரு சாமியை விடாமல் நேர்ந்துகொண்டாள். குரல் மட்டும் வரவில்லை.

பஞ்சாயத்தார் ஒன்றும் கல்மனசுக்காரர்கள் இல்லை. உடனே வேறு ஆளைப் போட்டுவிடவில்லை. ஆனால் ஊதல் மாதிரி குரல் வைத்திருந்த ஒருத்தன் தயாராக நின்றுகொண்டிருந்தான். மச்சான் உடம்பு தேறுகிற வரைக்கும் என்று அவன்தான் கூறிக்கொண்டிருந்தான். "தேறுகிற வரைக்கும்" என்பது எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்த பதில்தான்.

அப்போதுதான் பொட்டி வந்து இறங்கியது.

மச்சானுடைய தம்பி ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவனை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். லீவில் ஊருக்கு வந்தவன் அண்ணனுக்காக ஒரு மைக்செட் வாங்கி வந்திருந்தான். நான் பார்த்த மைக்செட்டெல்லாம் டிரங்குப் பெட்டி அளவுக்கு இருக்கும், உள்ளே வால்வுகள் இருக்கும், தூக்க இரண்டு ஆள் வேண்டும், கரண்டு வேண்டும். இது சோற்றுத் தூக்கு அளவுதான். கார் பாட்டரி ஒன்று போதும். உள்ளே வால்வே கிடையாது. பின்புறத்தில் செதுக்கினாற்போல வரிசையாக அலுமினியத் தகடுகள் நின்றன. அந்தத் தகடுகளுக்கு நடுவே, வெளியிலேயே, வெள்ளி நிறத்தில் இரண்டு சின்னத் தொப்பிகள் திருகாணி போட்டு முடுக்கியிருந்தன.

"இதான் டிரான்சிஸ்டர்" என்றான் சொல்தா அந்தத் தொப்பிகளைக் காட்டி, ஏதோ அவனே செய்தமாதிரி.

அக்கா அந்தத் தகடுகளைத் தடவிப் பார்த்தாள். "மீன் செவுளாட்டமா இருக்கே" என்றாள். அன்றிலிருந்து அது எங்களுக்குச் செவுள்தான்.

ஆடி பிறந்ததும் மச்சான் மறுபடி ஏலம் கூறினார். மைக்கை வாய்க்குள் போட்டுக்கொள்வார் போல வைத்துக்கொண்டு முணுமுணுப்பார். கம்பத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கரிலிருந்து அது அலைவாய்க்கரை தாண்டிப் போகும். முதல் நாள் அலைவாய்க்கரையில் நின்ற கிழவர் ஒருவர், "விழுந்துச்சு! விழுந்துச்சு!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கூத்தாடினார். அக்கா முந்தானையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு நின்றாள். நான் பாட்டரியைச் சைக்கிளில் வைத்துக் காரைக்காலுக்கும் ஊருக்கும் மிதித்தேன், சார்ஜ் போட்டுக் கொண்டுவந்து கொடுக்க. கால் வலித்தால் என்ன, மனசு குளிர்ந்திருந்தது.

புரட்டாசியில் ஆயுத பூஜை. எடைக்கல், தராசு, கூடை, துடுப்பு, மச்சானின் ஏலக் குச்சி, எல்லாவற்றுக்கும் நடுவில் மைக்செட்டை மணைபோட்டு வைத்திருந்தாள். சந்தனம், குங்குமம், தும்பைப்பூ. பளபளவென்று கண்ணைப் பறித்தது. "அக்கா, இப்பத்தான் கப்பல்லேருந்து எறங்கினாப்புல இருக்கு" என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பலகாரத் தட்டில் எனக்கு இரண்டு சுழியன் கூடப் போட்டாள்.

பூஜை முடிந்த மறுநாள் ஏலத்தில் பொட்டிக்குக் கோளாறு வந்தது. முதலில் நன்றாகத்தான் பேசியது. கொஞ்ச நேரம் போனதும் மச்சானின் குரலில் கரகரப்பு தட்டியது, சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி. பிறகு வார்த்தைகள் வீங்கி, இழுத்து, ஓய்ந்துவிட்டது. வியாபாரிகள் விழித்தார்கள். மச்சான் மைக்கைத் தட்டினார், வாயை அசைத்தார், ஒன்றும் வரவில்லை. பாட்டரிக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சற்று நேரம் கழித்து மாட்டினால் ஒன்றுமே நடக்காத மாதிரி பேசியது. மறுபடி கரகரப்பு. மறுபடி ஊமை.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வால்வு தெரியும். வால்வைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்னை எழுப்பிக் கேட்கலாம். வால்வு என்பது சூடானால்தான் பாடும். உள்ளே தணல் மாதிரி சிவந்தால்தான் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் "நல்லாருக்கு" என்போம், சில்லென்று இருந்தால் "செத்துப்போச்சு" என்போம். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இதைத் திறந்து பார்த்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல இருந்தது. கம்பி எல்லாம் சரி. பாட்டரி சரி. மைக் சரி. எந்த இடமும் கருகவில்லை, எந்த இடத்திலும் துருவில்லை. அவ்வளவு சுத்தம். கண்டென்சர் இரண்டை மாற்றிப் போட்டேன். அதுவும் ஏதாவது செய்தாக வேண்டுமே என்று செய்ததுதான். காரைக்காலில் டிரான்சிஸ்டரைத் தொட்டுப் பார்த்த ஆள் என்னைத் தவிர யாருமில்லை. நானோ தொட்டுப் பார்த்ததோடு சரி.

நாகப்பட்டினத்துக்குப் போய் அங்கே ஒரு ரேடியோக்காரரைக் கேட்டேன். அவர் பொட்டியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "வால்வு எங்கங்க?" என்றார். நான் பொட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். சொல்தா எப்போதோ கப்பல் ஏறியிருந்தான்.

மழைக்காலம் வந்தது. மரங்கள் கடலுக்குப் போனதே குறைவு. போன நாட்களில் அக்கா பனையோலை விசிறியோடு ஏலத்துக்கு வந்தாள். மச்சான் கூறக் கூற அவள் பொட்டிக்கு விசிறினாள். கட்டினவருக்குக் கூட அப்படி விசிறியிருக்க மாட்டாள். கரை முழுக்கச் சிரிப்பு.

"பொட்டிக்கு வெயில் ஒத்துக்கல போலருக்கு. கொஞ்சம் மோரு குடுத்துப் பாரு."

"பட்டணத்துப் பொட்டிப்பா அது. நம்ம ஊரு கருவாட்டு நாத்தத்துல மூர்ச்ச போட்டுடுச்சு."

திருமலைராயன்பட்டினத்துப் பாய் ஒருவர், கருவாட்டுக்கு மீன் எடுக்கிறவர், அவர் மட்டும் சிரிக்கவில்லை. "பொறுங்கத்தா, அல்லா லேசாக்குவான்" என்றார் அக்காவிடம். அவருக்குச் சரக்கு எடுக்க நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் பொட்டி ஆறுகிற வரைக்கும் மணலில் குந்தி உட்கார்ந்து காத்திருப்பார். நல்ல மனுஷன்.

விசிறி போதவில்லை என்று ஈரத் துணியைச் செவுள் மேல் போர்த்திப் பார்த்தாள். அதற்கும் மசியவில்லை. மீன்காரர்கள் அலைவாய்க்கரையில் நின்று "விழல, விழல" என்று கையைத் தூக்கத் தொடங்கினார்கள். ஒரு கூறு மீனுக்கு மூன்று தடவை ஏலம் நடந்தது. வெயில் ஏறினால் மீன் காத்திருக்குமா? பஞ்சாயத்தார் மச்சானைக் கூப்பிட்டு, அடிமேல் அடி வைத்த மாதிரி மெதுவாகத்தான் சொன்னார்கள்.

"தைப்பொங்கலு கழிச்சு மொதப் பெரிய மீன்பாடு வரட்டும். அன்னிக்கு மொத ஆரம்பிச்சுக் கடைசிக் கூறு வரைக்கும் பொட்டி பேசிருச்சுன்னா நீங்களே கூறுங்க. யாரும் கேக்க மாட்டாங்க. இல்லன்னா அந்தத் தம்பிக்கு வுட்டுக் குடுத்துடுங்க. என்ன சொல்றீங்க?"

மச்சான் தலையை ஆட்டினார். வேறென்ன செய்வார், குரல் இருந்தால்தானே சண்டை போட. என்னைப் பார்த்தார். அந்த மனுஷனின் சோறு என் கையில் இருக்கிறது, என் கைக்கோ ஒன்றும் தெரியவில்லை.

பொங்கலுக்குச் சில நாள் முன்பு அக்கா வீட்டு வாசலில் பொட்டியை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கம்போல ஈரத்துணி போர்த்தியிருந்தது. கரகரத்து, ஓய்ந்தது. எரிச்சலில் துணியை உருவினேன். அப்போது என் விரல் ஒரு தொப்பியில் பட்டது. அம்மாடி! தோசைக்கல்லில் வைத்த மாதிரி சுரீரென்றது. விரலை உதறிக்கொண்டே அடுத்த கையால் துணியைப் பிடித்தேன். அது சொட்டச் சொட்ட நனைந்தபடியே இருந்தது. இத்தனை நேரமாகியும் காயவே இல்லை.

செவுளைத் தொட்டேன். பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. மறுபடி தொப்பியைத் தொட்டேன், சுட்டது. செவுள், சில்லென்று. தொப்பி கொதிக்கிறது, அது ஒட்டிக்கொண்டிருக்கிற செவுளுக்குச் சூடே தெரியவில்லை. அத்தனை தகட்டைச் செதுக்கி வைத்தவன் எதற்கு வைத்தான்? தொப்பியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடத்தானே! வாங்கவே இல்லையென்றால் விசிறினால் என்ன, தண்ணீரை ஊற்றினால்தான் என்ன?

கடைக்குக் கொண்டுபோய் முதல் தடவையாகத் தொப்பிகளைக் கழற்றினேன். இரண்டு திருகாணியை எடுத்ததும் தொப்பி செருகியிருந்த இடத்திலிருந்து வந்துவிட்டது. தொப்பிக்கும் செவுளுக்கும் நடுவே வெங்காயச் சருகு மாதிரி ஒரு காக்காப்பொன் தகடு, மின்சாரம் தாண்டாமல் இருக்க. மற்றபடி ஒரு பொட்டு அழுக்கு இல்லை. முகம் பார்க்கலாம், அத்தனை பளபளப்பு. சுத்தமாக இருந்தால் நன்றாகத்தானே ஒட்டும் என்றுதான் நினைத்தேன். வால்வின் கம்பிக் கால்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வளர்ந்த புத்தி. திருகாணிகளை இறுக்கு இறுக்கென்று இறுக்கினேன். ஓடவிட்டேன். பழைய குருடிதான்.

மறுபடி கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் திருகாணித் துளையின் உள்விளிம்பில் வெள்ளையாக ஏதோ ஒரு துளி தெரிந்தது. குச்சியால் எடுத்து விரலில் தேய்த்தேன். வெண்ணெய் மாதிரி வழுக்கியது. காயவில்லை, ஊறவில்லை. அது அங்கே தானாக வந்திருக்காது. யாரோ தடவியிருக்கிறார்கள். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் தொப்பியும் செவுளும் அங்கங்கேதான் முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் காற்றுதான். அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்த வெள்ளை. சரி, அப்படியானால் மற்ற இடத்திலெல்லாம் அது எங்கே போயிற்று?

ஆயுத பூஜையன்று பொட்டி கண்ணைப் பறித்தது நினைவுக்கு வந்தது. சைக்கிளை எடுத்தேன்.

அக்கா முற்றத்தில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாதவன் மாதிரிக் கேட்டேன்.

"அக்கா, ஆயுத பூஜைக்குப் பொட்டிய பளபளன்னு வச்சிருந்தியே. எப்படித் தொடச்சே?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ஏன் கேக்கற? பெட்ரமாக்ஸ் லைட்டக் கழட்டித் தொடப்பேன்ல, அதாட்டந்தான். அந்த ரெண்டு தொப்பிய கழட்டிப் பாத்தா உள்ள ஒரே வெள்ளப் பிசுக்கு, தம்பி! சீமையில என்ன கொழுப்பத் தடவிக் குடுத்தானுவளோ. சாமிக்கு வக்கிற பொருளுல அதெல்லாம் இருக்கலாமா? புளியும் சாம்பலும் போட்டு நல்லா தேச்சேன். கண்ணாடியாட்டம் ஒரு சருகு இருந்துச்சு, அதையும் அலசிக் காயவச்சு இருந்த எடத்துலயே வச்சுப் பூட்டிட்டேன். ஒத்தத் திருகாணி மிச்சம் வல்ல, பாத்துக்க!"

திருகாணி மிச்சமில்லையாம். கையில் நெத்திலியோடு அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நான் என்ன சொல்வேன்? ஆயுத பூஜைக்குத் தொழில் சாமானைப் பிரித்து, தேய்த்து, கழுவி வைக்காத வீடு எங்கள் ஊரில் எது? அம்மா செய்தாள், அவள் செய்தாள். அவள் செய்யாமல் விட்டிருந்தால்தான் நாலு பேர் கேட்டிருப்பார்கள். "நீதான் அக்கா உன் புருஷன் வாயைத் திரும்பவும் அடைத்துவிட்டாய்" என்று எந்த வாயால் சொல்வது? அவள் அன்றைக்கே கடலில் இறங்கியிருப்பாள். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, என் அக்காவை எனக்குத் தெரியும்.

"நல்லாத்தான் தொடச்சிருக்க" என்றேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வரும்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அந்தப் பிசுக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போன சொல்தா மேலா? அவனுக்கே தெரிந்திருக்காது.

அந்த வெள்ளைப் பசை எங்கே கிடைக்கும் என்று யாரைக் கேட்க? அதற்குப் பெயரே எனக்குத் தெரியாது. நெய் தடவினால் எறும்பு வரும். விளக்கெண்ணெய் ஒழுகிவிடும். லாரி ஷெட்டில் கிரீஸ் கேட்டேன், மண்ணும் இரும்புத் தூளுமாகக் கறுப்பாகக் கொடுத்தார்கள். கடைசியில் மருந்துக் கடையில் வாசலின் வாங்கினேன். காக்காப்பொன் சருகின் இரண்டு பக்கமும் மெல்லிசாக, சப்பாத்திக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி தடவினேன். தொப்பியை வைத்து அழுத்தி, லேசாகத் திருகித் திருகி உட்காரவைத்தேன். இரண்டு திருகாணியையும் மாற்றி மாற்றி, ஒரு பக்கம் தூக்காமல், சமமாக முடுக்கினேன். விளிம்பில் கொஞ்சம் பிதுங்கியதைத் துடைத்தேன்.

ஓடவிட்டுவிட்டு மைக் முன்னால் என் கடை ரேடியோவைப் பாடவைத்தேன். செவுள் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் சில்லென்றுதான் இருந்தது. பிறகு வெதுவெதுப்பு. பிறகு, சுட்டது! செவுள் சுட்டது! கைக்குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் தெரிகிறாற்போல உள்ளங்கையில் சூடு ஏறிக்கொண்டே வந்தது. பாட்டு கரகரக்கவில்லை. ரேடியோ நிலையம் மதியத்துக்குக் கடையைக் கட்டுகிற வரைக்கும் நிற்கவில்லை. நான் கடைக்குள் தனியாக நின்று குதித்தேன். எதிர்க்கடை ஜவுளிக்காரர், "என்ன தம்பி, பொதையல் கெடச்சிருச்சா?" என்று கேட்டார்.

பொங்கல் கழிந்தது. பெரிய பாடு வந்தது. கரையில் வாளையும் சங்கராவும் குவிந்து கிடந்தன. பஞ்சாயத்தார் வந்து நின்றார்கள். ஊதல் குரல்காரனும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். பாவம், அவனைச் சொல்லி என்ன? அவனுக்கும் வயிறு இருக்கிறது. அக்கா விசிறியும் ஈரத்துணியுமாக வந்தாள்.

"துணி வேணாம்க்கா. இன்னிக்கு அது வேணாம்" என்றேன்.

மச்சான் கூற ஆரம்பித்தார். "வாளை ஒரு தரம்..." அலைவாய்க்கரையிலிருந்து கை ஒன்றும் எழவில்லை. ஒரு கூறு, அடுத்த கூறு, அதற்கடுத்தது. வழக்கமாக ஓய்ந்துபோகிற நேரம் தாண்டிவிட்டது. பாய் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மச்சானின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. பழைய நாளில் சொல்கிற வேடிக்கைப் பேச்சு ஒன்றைக்கூட மைக்கில் முணுமுணுத்தார். கூடைக்காரிகள் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. குனிந்து செவுளைத் தொட்டாள். வெடுக்கென்று கையை எடுத்தாள்.

"தம்பி! செவுளு சுடுது!"

"சுடட்டும்க்கா. சுடணும்."

"என்னடா ஒளறுற? இத்தினி நாளும் சில்லுன்னு இருந்துச்சேடா! நான் தொடாத நாளில்ல. இன்னிக்கி கொதிக்குது பாரு!"

"அக்கா, நான் சொல்றதக் கேளு..."

சொல்ல என்ன இருந்தது? சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் பதறிக்கொண்டு விசிறத் தொடங்கினாள்.

பாதிக்கு மேல் ஏலம் முடிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கூறுதான் மிச்சம். "சங்கரா, ரெண்டு தரம்" என்று வந்தது. மூன்றாவது தரம் வரவில்லை. கரகரப்பு இல்லை, இழுவை இல்லை. டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டரியைக் கழற்றி மாட்டினேன். ஆற விட்டு மாட்டினேன். கும்பிட்டுக்கொண்டு மாட்டினேன். எழவில்லை. அந்த மழைக்காலம் முழுக்கத் தொப்பிகள் வெந்திருந்தன. நான் பசை தடவியது வெந்து முடிந்ததற்கு மேல். வெந்த சோற்றை அரிசியாக்க யாரால் முடியும்?

அலைவாய்க்கரையில் சங்கராக்காரன் கையைத் தூக்கினான். "விழல!"

மச்சான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தன் வாயாலேயே "மூணு தரம்" என்று கத்திப் பார்த்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. பக்கத்தில் நின்ற எனக்கே காற்றுச் சத்தம்தான் கேட்டது. மறுபடி கத்தினார். சங்கராக்காரன் கை இறங்கவில்லை. இறக்கத்தான் நினைத்திருப்பான், கட்டுப்பாடு அப்படி. கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. பஞ்சாயத்தாரில் மூத்தவர் மெதுவாக வந்து மச்சான் தோளில் கை வைத்தார். மிச்சக் கூறுகளை ஊதல் குரல்காரன் கூறி முடித்தான்.

அக்கா என்னைப் பார்த்து நின்றாள்.

"என்னத்தடா செஞ்ச? பொட்டிய என்னடா செஞ்ச?"

"தொப்பியக் கழட்டி... வாசலின் தடவினேன்க்கா."

"தடவினியா! நான் ஒரு பிசுக்கு இல்லாம தேச்சு வச்சதுல நீ எண்ணையத் தடவினியா? ஆறிப்போனா பேசிக்கிட்டாச்சும் இருந்துச்சேடா, பாவி! சில்லுன்னு இருந்துச்சேடா! நீ தொட்ட, சுட்டுச்சு, செத்துச்சு."

அவள் சொன்னதில் ஒரு பிசகு இல்லை. அவள் கண்ணால் பார்த்தால் நடந்தது அதுதான். கரையில் நின்ற எல்லாரும் பார்த்தது அதுதான். "ஆமாக்கா, நோண்டிக் கெடுத்துட்டேன்" என்றேன். மச்சான் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். காற்றில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்கத் தைரியமில்லாமல் தலையை ஆட்டினேன்.

அதற்கப்புறம் மச்சான் உப்புக் கிடங்கில் கருவாடு பிரிக்கிற வேலைக்குப் போனார். பாய்தான் போட்டுக் கொடுத்தார். அக்கா கூடை எடுத்துத் தெருத்தெருவாக மீன் விற்றாள். காரைக்காலில் என் கடைத்தெரு வழியாகவும் போவாள். "மீனே..." என்று அவள் கூவுவது தூரத்திலேயே கேட்கும். என் கடை வாசல் வந்ததும் வாயை மூடிக்கொண்டு போவாள். தாண்டினதும் மறுபடி கூவுவாள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மச்சான் ஆள் விட்டுக் கூப்பிட்டதால் போனேன். நடுக்கூடத்தில் எடைக்கல், கூடை, கருவாடு குத்துகிற ஊசிக்கம்பி, எல்லாவற்றுக்கும் நடுவில் மணைமேல் அந்தச் செத்த பொட்டி. தொப்பிகளைக் கழற்றி என் வாசலினை ஒரு சொட்டு விடாமல் வழித்தெடுத்திருந்தாள். தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தாள். செவுள் மேல் சந்தனம் வைத்து அதில் குங்குமமும் வைத்திருந்தாள். நான் குனியப் போனேன்.

"தொடாத" என்றாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் என்னோடு பேசின முதல் வார்த்தை அது.

பிறகு என்ன நினைத்தாளோ, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உள்ளங்கையைச் செவுள் மேல் அழுத்தினாள்.

"பாரு. நான் வச்சா எப்படி வச்சிருக்கேன் பாரு. சில்லுன்னு இருக்கா இல்லியா?"

"இருக்குக்கா" என்றேன். "சில்லுன்னு இருக்கு."